பின்னால் வரும் வீடு: கேள்வி–பதில்

கே: பிக்-அப் வாங்கியாயிற்று. அதன் பின்னால் சின்னதாக ஒரு கேரவன் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை. மைசூருவில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா? (வாசகர், குவெம்புநகர்)

ப: அரண்மனைக்காரர்களே செய்திருக்கிறார்கள். கே.ஆர்.எஸ். ரோட்டு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். 1899ஆம் வருடத்து மகாராணி சலூன் அங்கே நிற்கிறது. படுக்கை, சமையல்கட்டு, சாப்பாட்டு அறை, கழிப்பறை என எல்லாமே சக்கரத்தின் மேல். ஆனால் மகாராணிக்கு முன்னால் நீராவி இன்ஜின் இருந்தது, கீழே தண்டவாளம் இருந்தது, பின்னோக்கி எடுக்க வேறு ஆள் இருந்தார். உங்களுக்கு மூன்றும் நீங்களேதான்.

கே: கேரவன் என்றால் ஷூட்டிங்கில் ஹீரோ உட்காரும் வண்டிதானே? (வாசகர், திருப்பூர்)

ப: அது பஸ் சேசிஸில் கட்டிய ஏசி அறை, தானே ஓடும். இவர் கேட்பது இன்ஜின் இல்லாத பெட்டி. இதில் ஹீரோ ஏறி உட்கார்ந்தால் தயாரிப்பாளர்தான் தள்ள வேண்டும்.

கே: எந்த பிக்-அப் நல்லது? (வாசகர், சரஸ்வதிபுரம்)

ப: சொந்த உபயோகத்துக்கு வெள்ளை நம்பர் பலகையோடு வாங்கக்கூடிய நடுத்தர பிக்-அப்புகள் நம் நாட்டில் அதிகம் இல்லை. 2016இல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வந்தது. ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் தயாராவது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. நம் பிடதியில் பூட்டப்படுவது. தட்டே இட்லிக்காகப் பிடதியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஹைலக்ஸ் பிறந்த ஊரில்தான் கை கழுவுகிறார்கள். இரண்டுக்கும் ஏணி போன்ற தனிச் சேசிஸ், டீசல் இன்ஜின், நீளமான உடம்பு. இழுவைக்கு இந்த மூன்றும் வேண்டும்.

ஹைலக்ஸ் ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ இழுக்கிறதே என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். அது அந்த நாட்டு வண்டிக்கு, அந்த நாட்டுக் கொக்கிக்கு, பிரேக் உள்ள டிரெய்லருக்குக் கொடுத்த எண். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. எண்ணே காணோம் என்றால் ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘அதெல்லாம் இழுக்கும் சார்’ என்பது எழுத்தில் சேராது.

கே: பிரேக் இல்லாத டிரெய்லர் விலை குறைவாக இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், நஞ்சன்கூடு)

ப: தசராவில் சாமுண்டேஸ்வரி எழுந்தருளும் தங்க அம்பாரி சுமார் 750 கிலோ. ஐரோப்பாவில் தனி பிரேக் இல்லாமல் இழுக்க விடும் டிரெய்லரின் உச்ச வரம்பும், சாமான்களோடு சேர்த்து, அதே 750 கிலோ. அம்பாரி யானை அபிமன்யு அதை அரண்மனையிலிருந்து பன்னி மண்டபம் வரை நடந்துதான் கொண்டுபோகிறான். அதற்கே வாரக்கணக்கில் ஒத்திகை: முதலில் வெறும் நடை, பிறகு மணல் மூட்டை, மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, அப்புறம் மர அம்பாரி. நீங்கள் அதைவிடக் கனமானதை, ஒத்திகை இல்லாமல், 80 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள். யானைக்கு இருக்கும் புத்தி நமக்கும் வேண்டாமா?

பிரேக் உள்ளதையே வாங்குங்கள். அதில் இரண்டு ஜாதி. முன்வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் வந்து முட்டுமில்லையா, அந்த முட்டலையே அழுத்தமாக்கித் தன் பிரேக்கைத் தானே பிடிப்பது ஒன்று, ஐரோப்பாவில் பரவலானது. பிக்-அப்பிலிருந்து மின்சாரம் போய்ப் பிடிப்பது இன்னொன்று. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதுதான் வழக்கம். இரண்டாவதில் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க முடியும். அது எதற்கு உதவும் என்பது கீழே ஹுன்சூர் வாசகருக்கான பதிலில்.

கே: காலி எடை 750 கிலோதான் என்று விற்பவர் சத்தியம் செய்கிறாரே? (அதே வாசகர், நஞ்சன்கூடு)

ப: காலிப் பெட்டியிலா குடித்தனம் நடத்தப் போகிறீர்கள்? 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு, இரும்போடு சேர்த்தால் 30ஐ ஒட்டி வரும் (5 கிலோ சிலிண்டரே போதும், கேட்டால்தானே). பேட்டரி 30. மெத்தை, அடுப்பு, பாத்திரம், துணிமணி, அரிசி, மாமியார் கொடுத்தனுப்பும் ஊறுகாய் ஜாடி எல்லாம் சேர்ந்து 110 என்று வையுங்கள். ஆயிரம் ஆகிவிட்டது.

இதில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 100 கிலோ, கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். அந்த 100 டிரெய்லர் கணக்கில் இல்லை, பிக்-அப் சுமக்கும் கணக்கில் ஏறும். ஏற்கெனவே உள்ளே நாலு பேர், பின்தட்டில் ஜெனரேட்டர், நாற்காலி, சைக்கிள். இழுக்கும் தெம்பு மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் தெம்பு தீர்ந்துபோகும். பிக்-அப்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொக்கியில் கனம் ஏற ஏற பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்கும், ஸ்டீயரிங் லேசாகும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். உங்கள் முன்னால் வரும் லாரிக்காரர் ஓயாமல் டிப் அடித்தால் அவர் வணக்கம் சொல்லவில்லை.

பண்டிபாளையா ஏ.பி.எம்.சி. பக்கம் போனால் எடை மேடை கிடைக்கும். ஊருக்குக் கிளம்புகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போங்கள். டிரெய்லரைக் கழற்றித் தனியாக ஒரு முறை. மாட்டியபின், பிக்-அப் மட்டும் மேடைமேல் நிற்க, டிரெய்லர் சக்கரம் வெளியே இருக்க, ஆட்களோடு ஒரு முறை. வெங்காய மூட்டைக்கு நடுவில் குடும்பத்தோடு நிற்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நில்லுங்கள்.

கே: கொக்கியின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்க என்ன கருவி? (வாசகி, ஜெயலட்சுமிபுரம்)

ப: நீங்கள் ஏறிப் பார்த்துவிட்டுக் கோபத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த எடை மெஷின்தான். அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, இழுக்கும்போது இருக்கும் உயரத்திலேயே டிரெய்லரின் முன்மூக்கை அதில் இறக்கினால் எண் தெரியும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கே: நாலு வழிச் சாலையில் பெரிய பஸ் ஒன்று என்னை முந்தியது. கேரவன் பாம்பு மாதிரி ஆடியது. நடுங்கிவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகர், ஹுன்சூர்)

ப: நடுங்கியது சரி. பெரிய வண்டி முந்தும்போது அதன் முன்னால் குவிந்த காற்று முதலில் உங்கள் பெட்டியைத் தள்ளும்; வண்டி கடக்கும்போது தன் பக்கம் உறிஞ்சும். தள்ளலும் இழுப்பும் அடுத்தடுத்து வருவதால் ஆட்டம் ஆரம்பிக்கிறது. நல்ல முறையில் சாமான் ஏற்றிய டிரெய்லர் இரண்டு ஆட்டத்தில் தானே அடங்கும். பின்கனமாக ஏற்றியது அடங்காது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். வேகம் கூடினால் இன்னும் மோசம்.

அந்த நேரத்தில் கை கால்கள் செய்ய நினைப்பதெல்லாம் தப்பு. பிரேக்கை ஓங்கி மிதித்தால் முன்வண்டி நிற்கும், பின்பெட்டி நிற்காது, பக்கவாட்டில் மடிந்து வந்து சேரும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினால் ஆட்டத்துக்கு நீங்களே தாளம் போடுகிறீர்கள். வேகமாகப் போய் நேராக்கலாம் என்று ஒரு வீரக்கூட்டம் உண்டு, அவர்களோடு சேராதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடியுங்கள், வேகம் தானே குறையட்டும். மின் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் அதை மட்டும் தொட்டுப் பிடியுங்கள். பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்தது போலப் பெட்டி நேராகும்.

ஓரங்கட்டி நின்றபின் உள்ளே பாருங்கள். தண்ணீர்க் கேனும் அரிசி மூட்டையும் கடைசி மூலையில் இருக்கும். கனமானவை அச்சுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ, தரையோடு தரையாக இருக்க வேண்டும். மேல் அலமாரியில் பஞ்சுத் தலையணை மட்டும். முன்மூக்கு எடைக்கு அமெரிக்கக் கணக்கு மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பியர் அதைவிடக் குறைவாக வைப்பார்கள், அதற்கேற்ப மெதுவாகவும் போவார்கள். வேகத்துக்கு வரம்பே இல்லாத நெடுஞ்சாலை என்று நாம் வாய்பிளக்கும் ஜெர்மனியில் கேரவனோடு போனால் பொதுவாக 80தான். தனி அனுமதி வாங்கினால் 100.

கே: என் கணவருக்குக் கார் நிறுத்தவே இரண்டு பேர் கை காட்ட வேண்டும். இப்போது டிரெய்லர் வாங்குகிறேன் என்கிறார். (வாசகி, விஜயநகர்)

ப: இனி மூன்று பேர் வேண்டும், அம்மா. மூன்றாமவர் பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரைக் காக்க.

அவருக்கு ஒரு வழி சொல்லுங்கள். கையை ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் வைக்கட்டும். டிரெய்லரின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசைக்குக் கையை நகர்த்தட்டும். ஆமை வேகம், கொஞ்சம் கோணினால் முன்னால் வந்து நேராக்கி மறுபடி ஆரம்பிக்கலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சின்ன டிரெய்லர்தானே சுலபமாக இருக்கும் என்று நினைப்பார். நீளமானது நிதானமாகத் திரும்பும். குட்டையானது சட்டென்று மடியும். ஞாயிறு காலை காலி மைதானத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளியை நட்டுப் பழகட்டும். வாளி பழையதாக இருக்கட்டும்.

கே: கரும்பு ஏற்றிய டிராக்டர் இரண்டு டிரெய்லரோடு மண்டியாவில் அநாயாசமாகப் போகிறதே? (வாசகர், ஸ்ரீரங்கப்பட்டணம்)

ப: அது போகும் வேகத்தில் நீங்களும் போனால் உங்களுக்கும் அநாயாசம்தான். அந்த டிரைவரை ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் எடுப்பதில் அவரைவிட நல்ல வாத்தியார் ஜில்லாவில் கிடையாது. பின்விளக்கு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

கே: ஹம்ப்? (வாசகர், மேட்டகள்ளி)

ப: ஒரு சொல் எழுதினாலும் ஊர்க் குறையை எழுதிவிட்டீர்கள். இனி ஒவ்வொரு ஹம்பும் மூன்று முறை வரும்: முன் சக்கரம், பின் சக்கரம், நீங்கள் மறந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தும் நேரம் டிரெய்லர் சக்கரம். கண்ணாடி டம்ளர்களை வீட்டிலேயே விடுங்கள்.

கே: நம் ஊர் சர்க்கிள்களில் திரும்ப முடியுமா? (வாசகர், நஜர்பாத்)

ப: முடியும். டிரெய்லர் சக்கரம் உங்கள் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அகலமாகத் திரும்புங்கள். தசரா நாட்களில் மட்டும் கே.ஆர். சர்க்கிள் பக்கமே வராதீர்கள்; அங்கே அப்போது வேறு பெரிய உருப்படிகள் நடமாடும்.

கே: டிரெய்லருக்கும் ஆர்.சி. வேண்டுமா? பிக்-அப்புக்கு இருப்பது போதாதா? (வாசகர், சாமராஜநகர்)

ப: போதாது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 61ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி நம்பர், அது பக்கவாட்டில். இழுக்கும் வண்டியின் நம்பரும் டிரெய்லரில் தெரிய வேண்டும். சொந்த உபயோகக் கேம்பர் டிரெய்லர் போக்குவரத்து வாகனம் அல்லாத வகையில் வரும். ஆக, வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்ற அடுத்த யோசனையை அதே ஆர்.சி.யில் செய்ய முடியாது.

இன்னொன்று. வெல்டிங் பட்டறையில் அழகாகச் செய்து தருகிறார்கள் என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எந்தச் சான்று இருந்தால் பதிவு செய்வீர்கள் என்று ஆர்.டி.ஓ.வில் முதலில் கேளுங்கள், கே.ஏ.09 ஆனாலும் கே.ஏ.55 ஆனாலும். இல்லையென்றால் தோட்டத்தில் நிரந்தரமாக நிற்கும் அழகான கோழிக்கூடு உங்களுடையது. இன்சூரன்ஸ்காரருக்கும் கொக்கி போட்டதைச் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடிக்கும்போது கேட்கும் கேள்விகள் என் வாசகர்கள் கேட்பவை போல இருக்காது.

கே: லைசென்ஸ்? (வாசகர், மைசூரு)

ப: இலகு வாகன லைசென்ஸ் 7,500 கிலோ வரைக்கும். கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு டிராக்டர் வழக்கில், பின்னால் டிரெய்லர் மாட்டியதாலேயே ஓட்டுநரின் லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்று 2001இல் சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டத் தெரியுமா என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

கே: கொக்கியை பம்பரில் மாட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது. (வாசகர், ஹாசன்)

ப: பம்பரில் மாட்டினால் ஒரு நாள் பம்பரும் கேரவனும் சேர்ந்து வேறு ஊருக்குப் போகும். சேசிஸில் போல்ட் போட வேண்டும். கொக்கிக் குண்டின் அளவும் டிரெய்லர் வாயின் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள்: 50 மில்லிமீட்டர் ஒன்று, இரண்டு அங்குலம் இன்னொன்று, கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் டிரெய்லரில் எரிகிறதா என்று கிளம்பும்போதெல்லாம் ஒருவர் இறங்கிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த உத்தியோகம் மிகவும் பிடிக்கும்.

கே: பயணத்தில் குழந்தைகள் கேரவன் மெத்தையிலேயே தூங்கிக்கொண்டு வரலாமா? (வாசகி, மடிக்கேரி)

ப: கூடாது. இதில் நகைச்சுவை கிடையாது. ஓடும்போது உள்ளே ஆள் இருக்கவே கூடாது. பெல்ட் இல்லை, சுவர் மெல்லிய தகடு, உள்ளே கத்தினாலும் முன்னால் கேட்காது.

கே: முதல் பயணமே ஊட்டி. பந்திப்பூர் வழியாக. எப்படி? (வாசகர், குவெம்புநகர்)

ப: முதல் ஊஞ்சலே விமானத்திலா? சரி, கேட்டுவிட்டீர்கள்.

குண்டலுப்பேட்டை வரை கவலை இல்லை. பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். 2009இலிருந்து நடக்கும் தடை. காட்டுக்குள் நிறுத்தக் கூடாது, சமைக்கவும் கூடாது. பின்னால் வீடு இருக்கிறதே என்று டிகாஷன் போட இறங்காதீர்கள். சாலையில் யானை நின்றால் மற்றவர்கள் மெதுவாகப் பின்னால் எடுத்துவிடுவார்கள். உங்களால் அது முடியாது. பதற்றத்தில் பின்னால் எடுத்தால் சாலைக்குக் குறுக்கே மடிந்து நிற்பீர்கள், யானைக்கும் வழி இருக்காது, பின்னால் வருபவருக்கும் இருக்காது. ஆகவே கண்ணில் பட்டதுமே தூரத்தில் நின்றுவிடுங்கள். முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

தெப்பக்காட்டில் வழி பிரியும். மசினகுடி, கல்லட்டி வழி தூரம் குறைவு. 36 கொண்டை ஊசி வளைவு. டிரெய்லரோடு அதை நினைக்கவே வேண்டாம். கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழி சுற்று, ஆனால் சாய்வு தயவு காட்டும். மைசூரு கடல் மட்டத்திலிருந்து 770 மீட்டர்போல, ஊட்டி 2,240. ஏற்றத்தில் வெப்பமானியைப் பாருங்கள், ஏசியை அணையுங்கள், பின்னால் வரிசை சேர்ந்தால் ஓரங்கட்டி வழிவிடுங்கள்.

ஏறுவது பாதிதான். இறங்கும்போது ஒரு டன் பெட்டி உங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், அதற்கும் ஒன்று கீழே என்றாலும் நல்லது. ஆட்டோமேட்டிக் என்றால் கியரைக் கையால் குறைத்து வையுங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறி ஒரு கட்டத்தில் மிதி பஞ்சாகிவிடும். விட்டு விட்டு, சற்று அழுத்தமாகப் பிடித்து, மறுபடி விடுங்கள். கருகிய வாசனை வந்தால் நில்லுங்கள், ஆறும்வரை. டிரெய்லர் சக்கரத்துக்கும் கல் வையுங்கள். நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு; கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூருக்குத் திம்பம் வழி போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள்: அங்கே 27 வளைவு, ஒவ்வொன்றிலும் ஒரு லாரி.

கே: அப்படியானால் முதல் பயணம் எங்கே? (வாசகர், குவெம்புநகர், அவரேதான்)

ப: சோமநாதபுரம். 40 கிலோமீட்டருக்குள், சமதளம். 1258இல் கட்டிய ஹொய்சாலர் கோயில், 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. காலையில் போய் மாலையில் திரும்புங்கள். அடுத்தது ஹுன்சூர், பிரியாப்பட்டணம் வழியாகக் குஷால்நகர். மணல் மூட்டை முடிந்தபின் மர அம்பாரி.

கே: பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயில் விடுவார்களா? (வாசகர், மத்தூர்)

ப: 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே தடை டூவீலர், ஆட்டோ, டிராக்டர், பல அச்சு ஹைட்ராலிக் டிரெய்லர் போன்றவற்றுக்கு. உங்கள் பிக்-அப் பட்டியலில் இல்லை. ஆனால் பின்னால் வால் இருந்தாலே டிராக்டர் என்று நினைக்கும் போலீஸ்காரர் ஒருவர் எங்கோ இருப்பார், ஆர்.சி. இரண்டும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். இடது ஓரப் பாதை, 80க்குள், முன்வண்டிக்கு வழக்கமான இடைவெளியைப் போல இரண்டு மடங்கு. அந்த இடைவெளியில் யாராவது நுழைவார். கோபிக்காமல் மறுபடி இடைவெளி விடுங்கள். பிடதி வரும்வரை இதே வேலைதான்.

கே: மைலேஜ்? (வாசகர், திண்டுக்கல்)

ப: 12 கொடுத்த வண்டி 8 கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். லாட்ஜ் வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

கே: இரவு எங்கே நிறுத்துவது? (வாசகர், சேலம்)

ப: இதற்கென்று முகாம் மைதானங்கள் நம் பக்கம் அபூர்வம். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது, வாகமணில் பூங்காவும் வந்தது. மற்ற இடங்களில் காம்பவுண்ட் உள்ள ஹோம்ஸ்டே, தோட்டக்காரர் அனுமதி, நாலு பேர் நடமாடும் பெட்ரோல் பங்க். இருட்டும் முன் சேருங்கள். இருட்டில் ரிவர்ஸ் எடுப்பதற்கு விஜயநகர் அம்மாவின் கணவர் இன்னும் தயாராகவில்லை.

கே: கேரவன் கழிப்பறைத் தொட்டியை எங்கே கொட்டுவது? (வாசகர், பெங்களூரு)

ப: காவிரியில் அல்ல. நாட்டின் சுத்தமான நகரம் என்று 2015இலும் 2016இலும் பெயர் வாங்கிய ஊர் எங்களுடையது. உங்கள் தொட்டியால் அந்தப் பெயர் போக வேண்டாம். பாதாளச் சாக்கடை இணைப்புள்ள கழிப்பறையில், உரிமையாளரைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள். வீட்டுச் செப்டிக் டேங்க் என்றால் நீங்கள் போட்ட ரசாயனம் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பிறகு அந்த வீட்டில் உங்களுக்குக் காப்பி கிடைக்காது.

கே: வாஸ்துப்படி கேரவனுக்கு வாசல் எந்தப் பக்கம்? (வாசகி, கும்பகோணம்)

ப: இடப்பக்கம். ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பெட்டி என்றால் கதவு வலப்பக்கம் இருக்கும். நம் சாலையில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கினால் முதல் காலே லாரி வரும் தடத்தில் விழும். பால் காய்ச்சும் முன் அதைப் பாருங்கள்.